இருபது அங்குலக் கயிறு

எங்கள் ரப்பர் தோட்டத்து மண்டோர் தாத்தாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சணல் கயிறு சுருண்டு கிடக்கும். ஒரு முனையிலிருந்து சரியாக இருபது அங்குலத்தில் அதில் ஒரு முடிச்சு. சுங்காயில் பெரிய சடக்கை விட்டு விலகிச் செம்மண் பாதையில் உள்ளே போனால் வரும் அந்தத் தோட்டத்தில், புதிதாக நட்ட காடு ஆறு வயதைத் தொட்டதும், தாத்தா காலைப் பிரட்டில் ஆள் கணக்கு முடிந்த கையோடு கயிற்றை எடுத்துக்கொண்டு இளமரங்களுக்குள் இறங்கிவிடுவார். பள்ளி விடுமுறை என்றால் வெள்ளைச் சாய டின்னைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடுவது என் வேலை. ஐந்தடி உயரத்தில் மரத்தைக் கயிற்றால் அணைத்துப் பிடிப்பார். சுற்றி வந்த முடிச்சு முனையைத் தாண்டிப் போனால் மரம் இன்னும் மெலிவு. முனையைத் தொட்டாலோ, தொடாமல் நின்றாலோ மரம் தேறிவிட்டது. தேறியதற்கு நான் ஒரு வெள்ளைக் கோடு இழுப்பேன்.

சுமார் ஐம்பது சென்டிமீட்டர் சுற்றளவு வராத ரப்பர் மரத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பது கித்தாத் தொழிலின் பழைய பாடம். முந்தி வெட்டினால் மரம் பருப்பது குறைந்துபோகும், பாலும் பின்னால் குறையும், பெருங்காற்றில் முறிந்து விழவும் கூடும். பிந்தி வெட்டினாலோ மரம் தரத் தயாராக இருந்த பால் அத்தனை மாதமும் வீண். ஒரு நாள், பார்த்தாலே கொழுத்துத் தெரிந்த ஒரு மரத்துக்குத் தாத்தா அளப்பதற்கு முன்பே நான் கோடு போட்டுவிட்டேன். அவர் திட்டவில்லை. கயிற்றை என் கையில் கொடுத்தார். கட்டிப் பார்த்தேன், முடிச்சு முனையைத் தாண்டி இரண்டு விரற்கடை போனது. "கண்ணால பார்த்துச் சொல்லக் கூடாதுப்பா, கட்டிப் பார்த்துத்தான் சொல்லணும்" என்றார். அந்தச் சாயத்தைச் சுரண்டி எடுக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது.

அந்த வார்த்தை நாற்பது வருஷம் கழித்து, ஈப்போவில் ஒரு மாடி அறையில், கணினித் திரையின் முன்னால் எனக்குத் திரும்பி வரும் என்று அன்று யார் நினைத்தது? இன்று என் பிழைப்பு மென்பொருள் எழுதுவது. கித்தாவுக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம் நான் ஒட்டுக்கன்றைப் பற்றிச் சொல்வேன். தோட்டத்தில் நடும் மரம் எதுவும் தன் சொந்த வேரில் நிற்பதில்லை. விதையிலிருந்து முளைத்த ஒரு நாற்றின் அடித்தண்டில், நல்ல பால் தரும் வகையின் மொட்டைப் பதியவைத்து வளர்த்ததுதான் ஒவ்வொரு மரமும். 1925-இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அந்த வகைகளுக்குப் பெயருக்குப் பதில் எண்ணே வைத்தது. எங்கள் அப்பா வெட்டியது ஆர்.ஆர்.ஐ.எம். 600. தோட்டத்தில் அதற்கு 'அறுநூறு' என்றே பெயர். ஜாவாவின் ஜிர் 1 என்ற வகையையும் பிராங் பெசாரின் பி.பி. 86 என்ற வகையையும் கலந்து பிறந்தது அது. ஆக, எண்ணும் பதிப்பும், எது எதன்மேல் நிற்கிறது என்கிற கணக்கும், பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே எனக்குக் காதில் விழுந்து பழகியவை.

மென்பொருளும் ஒட்டுக்கன்றுதான். நான் எழுதுவது ஒரு சிறு மொட்டு. அதைத் தாங்கும் வேரும் தண்டும் உலகத்தில் யார் யாரோ எழுதி வைத்தவை. எக்செல் தாள் எழுத ஒரு நூலகம், தமிழ் எழுத்தைத் திரையில் சேர்த்துக் காட்ட ஒரு நூலகம், இவை எல்லாம் ஓட ஒரு மொழி, அந்த மொழி ஓட ஓர் இயங்குதளம். இவற்றைத்தான் எங்கள் தொழிலில் டிபென்டென்சி, சார்பு என்கிறோம். ஒவ்வொரு சார்புக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. என் மென்பொருளோடு போகும் ஒரு சின்னக் கோப்பில், 'இன்ன நூலகம் குறைந்தது இந்தப் பதிப்பாவது இருக்க வேண்டும்' என்று நான் எழுதிவைக்க வேண்டும். அந்த 'குறைந்தது' என்ற ஒரு சொல்தான் மண்டோர் தாத்தாவின் முடிச்சு.

அந்தச் சொல்லை நான் முதன்முதலில் ஆசையோடு படித்தது 1996-இல். சுங்காயிலிருந்து பஸ் ஏறி, பீடோரில் கொய்யாக்காய் விற்பவர்களையும் தாப்பா, கம்பார், கோப்பெங் கடைவீதிகளையும் பார்த்துக்கொண்டே ஈப்போவுக்கு வந்து சேர்ந்தால், கணினிக் கடையின் கண்ணாடி அலமாரியில் மென்பொருள் அட்டைப்பெட்டிகள் புத்தகம் போல நிற்கும். வாங்கக் காசு கிடையாது. பெட்டியைத் திருப்பி அதன் முதுகில் இருப்பதைப் படிப்பதற்கு யாரும் காசு கேட்டதில்லை. அங்கே கட்டம் கட்டி எழுதியிருக்கும்: குறைந்தபட்சத் தேவை இவ்வளவு, பரிந்துரை இவ்வளவு. விண்டோஸ் 95-க்கு 386 ரகச் செயலியும் 4 மெகாபைட் நினைவகமும் போதும் என்று அதில் இருந்ததை நான் ஒரு கடிதத்தைப் படிப்பது போலத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஏனென்றால் அக்காவின் சீட்டுப் பணத்தில் வாங்கிய என் பழைய 486-இல் 8 மெகாபைட் இருந்தது. பால்மரம் வெட்டுகிறவர் மகனின் பெட்டியும் அந்தக் கணக்கில் தேறிவிட்டது என்று ஏதோ ஒரு தூர தேசத்து அலுவலகத்தில் யாரோ உட்கார்ந்து அளந்து எழுதியிருந்தார்கள். பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்து, எதிர்க்கடையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, மத்தியான பஸ்ஸில் வீடு திரும்பினால் அன்றைய நாள் நிறைந்துவிடும். பதின்மூன்று நெகிழ்வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொருகி விண்டோஸை ஏற்றிய இரவில், ஒவ்வொரு வட்டும் உள்ளே உருண்டு படிக்கும் கரகரப்பு, லயத்தில் அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

இன்று பெட்டியும் இல்லை, அதன் முதுகும் இல்லை. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகம் வேண்டும் என்கிறார்கள். அதே நான்குதான்; மெகா ஜிகாவாகி ஆயிரம் மடங்கு பெருத்திருக்கிறது. அதனால் எத்தனையோ நன்மை விளைந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அன்று இரவெல்லாம் விழித்துச் செய்ததை இன்று கைப்பேசி நான் தூங்கும்போது செய்துகொள்கிறது. ஆனால் வாங்கும் முன் திருப்பிப் பார்த்து, 'என்னிடம் இருப்பது போதும்' என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொள்ளும் அந்தச் சின்னச் சுகம் போய்விட்டது.

தமிழுக்கென்று தனியாக ஒரு குறைந்தபட்சத் தேவை இருந்த காலமும் உங்களுக்கு நினைவிருக்கும். நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு என்ற தமிழ் மென்பொருள், பிறகு முரசு அஞ்சலாக எங்கள் நெகிழ்வட்டுகளுக்குள் வந்து சேர்ந்தபோது, சொந்தக் கணினியில் 'அம்மா' என்று தட்டி, அது தமிழில் விழுவதைப் பார்த்த நிமிஷம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நாள்களில் தமிழில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால், முதல் வரியை ஆங்கிலத்தில் எழுத வேண்டும்: இந்த எழுத்துருவை முதலில் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு படியுங்கள். தகுதரம் என்றும், தாம், தாப் என்றும், ஆளுக்கு ஒரு குறியாக்கம் வைத்திருந்தோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டிலும், 2001 ஆகஸ்டில் நம் கோலாலம்பூரிலேயே நடந்த மாநாட்டிலும் அறிஞர்கள் இதைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசினார்கள்.

யுனிகோடு வந்தது. ஒரே குறியாக்கம், உலகம் முழுக்க ஒரே தமிழ். ஆனால் அதற்கும் ஒரு முடிச்சு இருந்தது. விண்டோஸில் யுனிகோடு தமிழ் ஒழுங்காகத் தெரிய விண்டோஸ் 2000 வேண்டும்; லதா என்ற எழுத்துரு அதில்தான் கூடவே வந்தது. கொம்பையும் காலையும் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை யூனிஸ்கிரைப் என்ற ஒரு நூலகம் செய்தது. அது இல்லாத பழைய விண்டோஸ் 98-இல் நம் எழுத்தெல்லாம் வெற்றுக் கட்டங்களாக நிற்கும், இல்லையென்றால் 'கொ' மூன்று துண்டாக உடைந்து, கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் கிடக்கும். விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகும் ஆங்கிலப் பதிப்பில் மொழி அமைப்புக்குப் போய், சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டு, அதற்கு விண்டோஸின் மூலத்தட்டைத் தேடி எடுத்துச் சொருக வேண்டும். சுங்காயில் அந்தத் தட்டு வைத்திருந்த ஒரே ஆள் நான் என்பதால், சனிக்கிழமை தோறும் யாராவது ஒருவர் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போய்த் தமிழை ஏற்றிவிட்டு, பசியாறிவிட்டுத்தான் திரும்புவேன். விண்டோஸ் விஸ்தாவுக்குப் பிறகு அந்தத் தட்டு தேவைப்படவில்லை. 2005-இல் செல்லினம் என்ற செயலி வந்து கைப்பேசியிலும் தமிழ் குறுஞ்செய்தி ஓடத் தொடங்கிய பின், என் சனிக்கிழமைகள் காலியாகிவிட்டன. எல்லோர் வீட்டுக்கும் தமிழ் தானாகவே போய்ச் சேர்ந்ததில் எனக்குப் பெருமகிழ்ச்சி. இருந்தாலும், தோசையும் சட்டினியும் வைத்துக் காத்திருந்த அந்த வீடுகளின் வாசல்களை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

இப்படி ஒவ்வொருவர் கணினியிலும் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டவன், ஈப்போவுக்குக் குடிவந்து, நல்ல சம்பளமும் நல்ல கணினியும் வாய்த்த பிறகு, அதை மறந்துபோனேன். ஊர்ப் பக்கத்து ஒரு தமிழ்ப்பள்ளியின் நூலகத்துக்காக, யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள், எப்போது திருப்பினார்கள் என்று பதிவு செய்யும் ஒரு சிறு நிரலைப் பைத்தான் என்ற மொழியில் எழுதிக் கொடுத்தேன். சார்புகளைக் குறிக்கும் கோப்பில் என்ன எழுதுவது என்று அதிகம் யோசிக்கவில்லை. அன்றைக்கு என் மேசையில் இருந்தது பைத்தான் 3.11, 'குறைந்தது 3.11' என்று எழுதினேன். எக்செல் நூலகத்துக்கும் அன்று என்னிடம் இருந்த எண்ணையே போட்டேன். கண்ணால் பார்த்துச் சாயம் பூசிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து நூலகப் பொறுப்பாசிரியை அழைத்தார். "அண்ணே, ஏறவே மாட்டேங்குது. விண்டோஸ் பழசுன்னு சொல்லுது" என்றார். பார்த்தால், பள்ளி நூலகத்தில் இருந்தது யாரோ ஒரு நல்லவர் தானமாகக் கொடுத்த விண்டோஸ் 7 மடிக்கணினி. இணையம் கிடையாது, பிள்ளைகள் பெயரைத் தட்டிப் பதிவு செய்ய அது தாராளமாகப் போதும். பைத்தான் 3.9-உம் அதற்கு மேற்பட்டவையும் விண்டோஸ் 7-இல் ஏறுவதில்லை. 2019 அக்டோபரில் வந்த 3.8-தான் அதில் ஓடும் கடைசிப் பதிப்பு. அந்த ஆசிரியை, "பரவாயில்லண்ணே, பழையபடி நோட்டுலயே எழுதிக்கிறோம்" என்றார். அந்தப் 'பரவாயில்லை' எனக்கு நெஞ்சில் தைத்தது. அவர்களிடம் இருந்தது போதாது என்று அளக்காமலே சொல்லிவிட்டவன் நான்.

அன்று இரவு கயிற்றைக் கையில் எடுத்தேன். பைத்தான் நிரலைப் படித்து, அதில் இருக்கும் ஒவ்வொரு வழக்கும் எந்தப் பதிப்பில் பிறந்தது என்று பார்த்துச் சொல்லும் வெர்மின் என்று ஒரு கருவி உண்டு. அது சொன்ன விடை 3.9. நான் எழுதிய 3.11-க்குக் காரணமே இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. சரி, 3.9 ஏன்? ஒரே ஒரு வரி. ஒவ்வொரு புத்தக எண்ணின் முன்னாலும் 'நூ-' என்று ஒரு முன்னொட்டு இருந்தது. அதை நீக்க 'ரிமூவ்பிரிஃபிக்ஸ்' என்ற கட்டளையைப் போட்டிருந்தேன். 2020 அக்டோபரில் வெளியான 3.9-இல்தான் அது முதன்முதலாக வந்தது. அதற்குப் பதிலாக, 'நூ-' என்று தொடங்கினால் முதல் சில எழுத்துகளை வெட்டிவிடு என்று பழைய பாணியில் இரண்டு வரி எழுதினேன். மறுபடி ஓட்டினேன். வெர்மின் 3.6 என்றது. ஒரே வரிக்காக ஒரு பள்ளிக்கூடத்தின் கதவைச் சாத்தி வைத்திருந்திருக்கிறேன்.

3.6 என்று உடனே எழுதிவிட்டேனா என்றால், இல்லை. கருவிக்குச் சொற்கள் பிறந்த தேதி தெரியும். அவை நடந்துகொள்ளும் விதம் தெரியாது. பைத்தானின் அகராதி என்னும் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் அதன் பெயர் ஒன்றுதான். ஆனால் நாம் போட்ட வரிசையிலேயே அது எதையும் திருப்பித் தரும் என்ற உறுதிமொழி 3.7-இல்தான் வந்தது. என் பட்டியல் அந்த வரிசையை நம்பியிருந்தது. இப்படிப்பட்டதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அந்தப் பதிப்பையே நிறுவி, நிரலை முழுக்க ஓட்டிப் பார்ப்பது. பள்ளி மடிக்கணினியில் ஏறக்கூடியது 3.8, அதை நிறுவிச் சோதனைகளை எல்லாம் ஓட்டினேன். தேறியது. கோப்பில் 3.8 என்று எழுதினேன். கட்டிப் பார்த்த எண் அதுதான்.

எக்செல் நூலகத்துக்கு வேறு முறை. நான் பயன்படுத்தியது அதில் இரண்டே வேலைகள்: தாளைத் திற, வரியை எழுது. அதற்குப் புதிய பதிப்பு எதற்கு? வெளிவந்த பதிப்புகளை வரிசையாக வைத்து நடுவிலிருப்பதை எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடினால் இன்னும் பழைய பாதிக்குள் போக வேண்டும். ஓடாவிட்டால் புதிய பாதிக்குள் வர வேண்டும். முப்பத்திரண்டு பதிப்புகள் இருந்தாலும் ஐந்து தடவையில் விடை கிடைத்துவிடும். அகராதியில் சொல் தேடும் பிள்ளைகள் நடுப்பக்கத்தைத் திறப்பார்களே, அதே வித்தைதான். இடையில் ஏதாவது ஒரு பதிப்பு தன் சொந்தக் கோளாறால் ஓடாமல் போகலாம். அதை மட்டும் தனியாகக் குறித்து விலக்கி வைக்க வேண்டும், அதைக் காரணம் காட்டி வாசற்படியை உயர்த்தக் கூடாது.

இந்தக் கவலை எனக்கு மட்டும் உரியதன்று என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பி.எச்.பி. மொழி உலகத்தின் கம்போசர் என்ற கருவியில், ஒவ்வொரு சார்பிலும் மிகக் குறைந்த பதிப்பையே எடுத்து நிறுவு என்று கட்டளை கொடுக்கலாம். பைத்தானுக்கு யூவி என்ற கருவியிலும் அந்த வசதி வந்திருக்கிறது. எழுதிவைத்த குறைந்த எண்ணிலேயே சோதனைகளை ஓட்டி, அந்த எண் உண்மைதானா என்று அவற்றால் தினமும் பார்த்துக்கொள்ளலாம். கோ என்ற மொழியில் 2018-இல் ரஸ் காக்ஸ் என்பவர் கொண்டுவந்த முறை இன்னும் ஒரு படி மேலே போனது: எல்லோரும் கேட்டிருக்கும் குறைந்தபட்சங்களில் எது பெரிதோ அதையே எடுக்கும்; அதற்கும் மேலே புதிதாக ஒன்று வெளியாகியிருக்கிறது என்பதற்காகத் தானாக ஏறிப் போகாது. எனக்கு அந்த நிதானம் பிடித்திருக்கிறது.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் இன்னொரு கண்ணி உண்டு. புத்தம் புதிய கணினியில் நிரலைத் தொகுத்தால், நீங்கள் புதிதாக எதையும் கேட்காவிட்டாலும், அந்தக் கணினியில் இருக்கும் அடிப்படைச் சி நூலகத்தின் புதிய பதிப்பு முத்திரை உங்கள் நிரலில் ஒட்டிக்கொள்ளும். பழைய கணினியில் போய் ஓட்டினால், சி நூலகத்தின் 2.34 இல்லையே என்று வாசலிலேயே நின்றுவிடும். பைத்தான் உலகத்தில் அதற்கு ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறார்கள்: வேண்டுமென்றே ஒரு பழைய அமைப்புக்குள் உட்கார்ந்து தொகுப்பது. 'மெனிலினக்ஸ் 2014' என்ற தரம் சென்டோஸ் 7 என்ற பழைய லினக்ஸ் அமைப்பை அடிப்படையாகக் கொண்டது. அதில் இருந்த சி நூலகம் 2.17. அங்கே தொகுத்தது புதியதிலும் ஓடும், பழையதிலும் ஓடும். விருந்துக்கு வருகிறவர்களில் மெல்லக் கடிக்கும் கிழவியை நினைத்துச் சமைக்கும் அம்மாவின் மனசு அது.

குறைந்த எண்ணே எப்போதும் நல்ல எண் என்று நான் சொல்ல வரவில்லை. முந்தி வெட்டிய மரத்தின் கதையையும் நான் பார்த்திருக்கிறேன். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா மொழி நூலகத்தில் ஒரு பெரிய ஓட்டை வெளியே தெரிந்தபோது, உலகத்தின் பாதி அலுவலகங்கள் தூங்கவில்லை. முதலில் 2.15 போதும் என்றார்கள். அதிலும் குறை இருந்தது. அடுத்தடுத்து எண் ஏறி, கடைசியில் 2.17.1-இல் வந்து நின்றது. அந்த மாதம் தன் கோப்பில் குறைந்தபட்சத்தை 2.17.1 என்று உயர்த்தி எழுதியவர்கள்தான் சரியாக அளந்தவர்கள். ஆகவே வாசற்படியை உயர்த்த வேண்டிய நேரத்தில் தயங்காமல் உயர்த்த வேண்டும், ஏன் உயர்த்தினோம் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதியும் வைக்க வேண்டும். பள்ளி மடிக்கணினியை இணையத்தில் இணைக்க வேண்டாம் என்று ஆசிரியையிடம் சொல்லியிருப்பதும் அதனால்தான். விண்டோஸ் 7-க்கும் பைத்தான் 3.8-க்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது.

போன விடுமுறையில் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஒரு சின்னப் பெண் பிள்ளை, நாற்காலியில் முழங்காலிட்டு நின்று, தன் பெயரைத் தமிழில் தட்டினாள். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் ஒழுங்காக வந்து உட்கார்ந்தன. அவளுக்கு அது ஓர் அதிசயமே இல்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது போல. எத்தனை பேர் எத்தனை வருஷம் உழைத்து அந்தச் சாதாரணத்தை அவளுக்கு உண்டாக்கினார்கள் என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

திரும்பும் வழியில் தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தேன். ஆயாக்கொட்டகை இருந்த இடத்தில் செம்பனை. பிரட்டுக் களத்தில் செம்பனை. அறுநூறு மரம் ஒன்றாவது தப்பி நிற்காதா என்று தேடினேன், இல்லை. மண்டோர் தாத்தா போய் வெகுகாலம் ஆகிறது. அந்தக் கயிறு எங்கே போனதோ.

உங்களில் மென்பொருள் எழுதுகிற தம்பி தங்கைகள் பலர் இருப்பீர்கள். உங்கள் அலுவலகக் கணினி புதிதாகத்தான் இருக்கும், இருக்கட்டும். 'குறைந்தது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எண்ணை எழுதும் முன், தயவுசெய்து ஒரு தடவை அந்தப் பதிப்பை நிறுவி ஓட்டிப் பாருங்கள். நீங்கள் காரணமில்லாமல் ஏற்றி எழுதும் ஒவ்வோர் எண்ணுக்கும் அந்தப் பக்கம் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது, அதன் முன்னால் ஒரு பிள்ளை இருக்கிறது. கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். கட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.